கொலஸ்ட்ரால் மாத்திரையும் கால் வலியும், அதுக்கு நான் முழுங்கின சப்ளிமென்ட்டுகளும்

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி மாடிப்படி ஏறிட்டிருந்தவன் ஆறாவது படியிலயே நின்னுட்டேன். மூச்சு வாங்கல, நெஞ்சு வலிக்கல, ரெண்டு தொடையும் மட்டும் ஈரச்சாக்கு சுத்திக் கட்டின மாதிரி கனத்துக் கெடந்துச்சு. முந்தின நாள் ஒண்ணும் ஓடல, நடக்கல, எதையும் தூக்கல. கைப்பிடியப் புடிச்சுக்கிட்டே யோசிச்சப்போதான் ஞாபகம் வந்துச்சு, கொலஸ்ட்ராலைக் கொறைக்கிற ஸ்டாடின் வகை மாத்திரை, அடோர்வாஸ்டாடின் 40 மில்லிகிராம், ஆரம்பிச்சு அஞ்சு வாரம் ஆகுது.

ஏன் அந்த மாத்திரைன்னா, எங்கப்பாவுக்கு 52 வயசுல ஹார்ட் அட்டாக். எனக்கு 47ல எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 192. டாக்டர் ரிப்போர்ட்டப் பாத்துட்டு அப்பா கதையையும் கேட்டுட்டு, "இது டயட்ல மட்டும் எறங்காதுப்பா, மாத்திரை வேணும்"னு எழுதிக் குடுத்தாரு. நானும் ஒழுங்காத்தான் போட்டேன், அந்த மாடிப்படி வரைக்கும்.

அதுக்கப்புறம் நான் செஞ்சதுதான் பெரிய தப்பு. யார்கிட்டயும் சொல்லாம நிறுத்திட்டேன். டாக்டர்கிட்டயும் சொல்லல, வீட்டுலயும் சொல்லல. ரெண்டு வாரத்துல வலி கொறஞ்சுச்சு, அப்ப மாத்திரைதான் காரணம்னு நானே தீர்ப்பு எழுதிக்கிட்டேன், நாலு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா எல்டிஎல் 188, ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து நின்னுருக்கு. இந்த மாத்திரை நிறுத்தின கொஞ்ச வாரத்துல வேலையை நிறுத்திரும், கொறைஞ்ச கொலஸ்ட்ரால் திரும்ப ஏறிரும். இது சின்ன விஷயம் இல்ல. 1994ல வந்த ஸ்காண்டிநேவிய ஆய்வுல ஏற்கனவே இதய நோய் இருந்த 4444 பேருக்கு சிம்வாஸ்டாடின்ங்கற ஸ்டாடினோ மருந்தே இல்லாத டம்மி மாத்திரையோ குடுத்து அஞ்சு வருஷத்துக்கு மேல பாத்தாங்க, ஸ்டாடின் சாப்பிட்டவங்கள்ல சாவு 30 சதவீதம் கொறைஞ்சிருந்துச்சு. உசுரக் காப்பாத்துற மாத்திரை, அதப் போயி நான் ஒரு தொடை வலிக்காக கமுக்கமா நிறுத்திட்டு உக்காந்திருந்தேன்.

சரி, திரும்ப ஆரம்பிக்கலாம், ஆனா வலிக்கு ஏதாவது பக்கபலம் வேணும்னு தேட ஆரம்பிச்சேன். தேடினா மொதல்ல வந்து நிக்கிற பேரு கோக்யூ10. இதப் பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா இந்த லாஜிக் கேக்கறதுக்கு ரொம்ப நல்லா இருக்கும், நானும் அதுலதான் விழுந்தேன்.

நம்ம ஈரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கிறதுக்கு ஒரு நீளமான பாதை இருக்கு, அதுல ஆரம்பத்துலயே ஹெச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ்னு ஒரு என்சைம் நிக்குது. 1970கள்ல ஜப்பான்ல அகிரா எண்டோன்னு ஒருத்தர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதிச்சு, அந்த என்சைமை அடைக்கிற பொருளைக் கண்டுபிடிச்சாரு, ஸ்டாடின்கள் வந்த வழி அதுதான். 1987ல அமெரிக்காவுல லோவாஸ்டாடின் மருந்தா வந்துச்சு. இப்ப என்னன்னா, அந்தப் பாதையில கொலஸ்ட்ரால் மட்டும் வரல, நடுவுல ஒரு கிளை பிரிஞ்சு கோக்யூ10ம் அங்கருந்துதான் வருது. மெயின் வால்வை மூடினா எல்லாக் குழாய்லயும் தண்ணி கொறையத்தானே செய்யும். இந்தக் கோக்யூ10 தசை செல்லுக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியாவுல சக்தி தயாரிக்க வேணும். ஸ்டாடின் சாப்பிட்டா ரத்தத்துல கோக்யூ10 கொறையுதுங்கறது உண்மை, அதுல சந்தேகமே இல்ல. 1990 வாக்குல ஒரு பெரிய மருந்துக் கம்பெனி ஸ்டாடினையும் கோக்யூ10ஐயும் சேத்து ஒரே மருந்தா பேடன்ட் கூட வாங்கிச்சு, ஆனா அப்படி ஒரு மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டு வரவே இல்ல.

அப்ப கொறையறதை வெளியிலருந்து குடுத்தா வலி போயிரும்தானே? அப்படித்தான் நானும் நெனச்சேன். ஆனா ரத்தத்துல இருக்கிற கோக்யூ10ஐப் பெரும்பாலும் சுமந்துட்டுப் போறதே எல்டிஎல் தான், எல்டிஎல் கொறைஞ்சா அதோட சேந்து இதுவும் கொறஞ்சதாத்தான் காட்டும். தசைக்குள்ள போயி அளந்து பாத்த ஆய்வுகள்ல கொறையறது ஒரே மாதிரி தெரியல. இந்த ஒரு விஷயம் எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா கொஞ்சம் நிதானமா இருந்திருப்பேன்.

என் நண்பன் ஒருத்தன், நல்ல மனசுக்காரன், அவனும் கொலஸ்ட்ராலுக்கு மருந்து எடுக்கிறவன், "டேய் இதெல்லாம் எடுத்துப் பாரு, எனக்கு சூப்பரா இருக்கு"ன்னு நாலு டப்பா பேரு அனுப்பினான். கோக்யூ10, விட்டமின் டி, மக்னீசியம், நாலாவதா ரெட் ஈஸ்ட் ரைஸ், பூஞ்சை சேத்துப் புளிக்க வெச்ச சிவப்பு அரிசி. நாலையும் வாங்கினேன், ஒரே நாள்ல நாலையும் ஆரம்பிச்சேன், பழைய அடோர்வாஸ்டாடின் 40ஐயும் அதே நாள்லயே திரும்ப ஆரம்பிச்சேன். எது வேலை செய்யுது எது கெடுக்குதுன்னு கண்டுபிடிக்கவே முடியாதபடி நானே எல்லாத்தையும் கலக்கி வெச்சேன்.

மூணாவது வாரம் வலி கொறையறதுக்குப் பதிலா தோள்பட்டைக்கும் ஏறிருச்சு. அலமாரி மேல்தட்டுல இருந்து பெட்டி எடுக்கக் கையைத் தூக்கினா பாதியில நடுங்குது. அன்னிக்குத்தான் பயந்து போயி டாக்டர்கிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சேன், நிறுத்தினது, ஆரம்பிச்சது, நாலு டப்பா, எல்லாம். அவர் திட்டல. "நாளைக்கு வரும்போது டப்பாவெல்லாம் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாப்பா"ன்னு மட்டும் சொன்னாரு.

அடுத்த நாள் ஒவ்வொண்ணா எடுத்துத் திருப்பிப் பின்னாடி இருக்கிற சின்ன எழுத்தைப் படிச்சாரு. கோக்யூ10 ஓரமா வெச்சாரு, விட்டமின் டி ஓரமா வெச்சாரு, மக்னீசியம் ஓரமா வெச்சாரு. ரெட் ஈஸ்ட் ரைஸ் டப்பாவை மட்டும் கீழ வைக்கவே இல்ல, கையில வெச்சுக்கிட்டே என்னைப் பாத்து, "இதுவும் ஸ்டாடின்தாம்ப்பா. நீ ரெண்டு ஸ்டாடின் சாப்பிட்டுட்டு இருக்க"ன்னாரு.

எனக்கு அப்படியே வெலவெலத்துப் போச்சு. ரெட் ஈஸ்ட் ரைஸ்ல இருக்கிற 'மொனகோலின் கே'ங்கிற பொருளும் லோவாஸ்டாடினும் வேதியியல் ரீதியா ஒரே பொருள். பேரு மட்டும்தான் வேற. இயற்கையானதுன்னு டப்பா மேல போட்டிருந்ததால அத மருந்தாவே நெனைக்கல நான். மருந்தோட சைடு எஃபெக்டைக் கொறைக்கணும்னு போயி அதே மருந்தை இன்னொரு டோஸ் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அதுலயும் ஒவ்வொரு டப்பாவுலயும் எவ்வளவு மொனகோலின் இருக்குன்னு ஒரு சீரே கெடையாது, ஒண்ணுல துளி இருக்கும், இன்னொண்ணுல மருந்து அளவுக்கே இருக்கும். சரியாப் புளிக்க வைக்கலேன்னா சிட்ரினின்னு கிட்னியைக் கெடுக்கிற நச்சும் அதுல சேரலாம். ஐரோப்பிய யூனியன் 2022ல ரெட் ஈஸ்ட் ரைஸ் மொனகோலின் ஒரு நாளைக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழதான் இருக்கணும்னு சட்டமே போட்டாங்க. ஸ்டாடின் ஒத்துக்கலன்னு சொல்றவங்களுக்கே இதை மாத்து வழியா சொல்ற ஆளுங்க இன்னமும் இருக்காங்க, அதக் கேக்கறப்பல்லாம் எனக்கு வயிறு கலங்குது.

சிபிகே டெஸ்ட் எடுத்தாங்க, தசை சிதையுதான்னு பாக்கிற ரத்தப் பரிசோதனை. எனக்கு நார்மலோட மேல் அளவைப் போல நாலு மடங்கு. பத்து மடங்கைத் தாண்டினாத்தான் ரொம்ப ஆபத்துன்னு சொன்னாரு, ஆனா நாலும் நல்லதில்ல. எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னாரு, ஸ்டாடின் உட்பட. அவர் சொல்லி நிறுத்தறதுக்கும் நானா ஒளிச்சு நிறுத்தினதுக்கும் உள்ள வித்தியாசம் அன்னிக்குப் புரிஞ்சுச்சு, இதுல எப்ப திரும்ப ஆரம்பிக்கணும்னு ஒரு தேதி இருந்துச்சு. ஆறு வாரத்துல சிபிகே நார்மல்.

அந்த ஆறு வாரத்துல அவர் வேற சிலதையும் பாத்தாரு. தைராய்டு முக்கியமாம், ஏன்னா தைராய்டு கொறஞ்சா தசை வலியும் வரும் கொலஸ்ட்ராலும் ஏறும், ரெண்டுக்கும் அதுவே காரணமா இருந்துட்டு பழி மட்டும் மாத்திரை மேல விழும். எனக்கு தைராய்டு சரியா இருந்துச்சு. விட்டமின் டி கொறைவா இருந்துச்சு, அதுக்குத் தனியா கோர்ஸ் எழுதினாரு, ஆனா "இது உன் எலும்புக்கு, ஸ்டாடின் வலிக்கு இதை நம்பாத"ன்னும் சேத்துச் சொன்னாரு. நான் அப்புறம் தேடிப் படிச்சேன், 2022ல வந்த ஒரு ஆய்வு, புதுசா ஸ்டாடின் ஆரம்பிச்ச 2083 பேரு, பாதிப் பேருக்கு தினம் 2000 யூனிட் விட்டமின் டி, மீதிப் பேருக்கு டம்மி. தசை வலி சொன்னவங்க ரெண்டு பக்கமும் 31 சதவீதம். ஒரு புள்ளி வித்தியாசம் கூட இல்ல.

அப்புறம் ரோசுவாஸ்டாடின் 5 மில்லிகிராம், மொதல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள். ரெண்டாவது வாரமே வலி மாதிரி ஒண்ணு திரும்ப எட்டிப் பாத்துச்சு. பழைய அளவுக்கு இல்ல, ஆனா இருக்கு. கோக்யூ10 எடுத்துக்கலாமான்னு கேட்டேன். "எடுத்துக்க, கெடுதல் பெருசா இல்ல, ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும் எடு, தினம் எழுதி வை"ன்னாரு. கூடவே ஒரு ஆய்வைப் பத்தியும் சொன்னாரு, அதக் கேட்டுட்டு வந்துதான் நாங்க வீட்டுல ஒரு சோதனை பண்ணோம்.

அந்த ஆய்வு பேரு சாம்சன், 2020ல லண்டன்ல இருந்து வந்தது. சைடு எஃபெக்ட் தாங்காம ஸ்டாடினை விட்ட 60 பேரு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு வருஷத்துக்கான டப்பாக்கள், நாலு மாசம் ஸ்டாடின், நாலு மாசம் டம்மி, நாலு மாசம் காலி டப்பா, எல்லாம் கலைஞ்ச வரிசையில. தினமும் போன்ல தொந்தரவுக்கு நூத்துக்கு மார்க் போடணும். காலி டப்பா மாசத்துல சராசரி 8. ஸ்டாடின் மாசத்துல 16.3. டம்மி மாசத்துல 15.4. அதாவது வந்த தொந்தரவுல பத்துக்கு ஒம்போது பங்கு, மாத்திரை முழுங்கறோம்ங்கற நெனப்புலயே வந்துருது. இதைக் கேட்டதும் எனக்குக் கோவம் வந்துச்சு, அப்ப என் வலி பொய்யான்னு. டாக்டர் ரொம்ப நிதானமா சொன்னாரு, "வலி பொய்யில்லப்பா, வலி நெஜம். அது எங்கருந்து வருதுங்கறதுதான் கேள்வி." அந்த ஆய்வு முடிஞ்சதும் தங்களோட சொந்த மார்க்கைப் பாத்துட்டு பாதிப் பேரு திரும்ப ஸ்டாடின் ஆரம்பிச்சுட்டாங்களாம்.

என் வீட்டம்மா இதைக் கேட்டுட்டு, "நம்மளும் பண்ணிப் பாக்கலாங்க"ன்னா. நான் வாங்கின கோக்யூ10 உள்ள பவுடர் இருக்கிற கேப்ஸ்யூல், ரெண்டு மூடியா பிரியும். அவ பாதி கேப்ஸ்யூலைப் பிரிச்சு உள்ள இருக்கிறதைக் கொட்டிட்டு வெறும் மாவை நெரப்பி மூடறதா ஏற்பாடு. மொத நாள் ரெண்டே ரெண்டு செஞ்சுட்டு வந்தா, பாத்தா ஆள்காட்டி விரல் நுனியெல்லாம் மஞ்சள். கோக்யூ10 பவுடர் நல்ல ஆரஞ்சு கலந்த மஞ்சளா இருக்கும், தொட்டா ஒட்டிக்கும். விரலைப் பாத்தே எனக்குத் தெரிஞ்சுருமேன்னு சிரிச்சுட்டா. அதனால நான் வீட்டுல இல்லாத ஒரு நாள் உக்காந்து பன்னெண்டு வாரத்துக்கும் சேத்து ஒரேயடியா நெரப்பி, மூணு மூணு வாரமா நாலு டப்பாவுல போட்டு, எது எதுன்னு அவ நோட்டுல மட்டும் எழுதி வெச்சுக்கிட்டா. நான் தினம் ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி பத்துக்கு ஒரு மார்க், கூட ஒரு வரி. "இன்னிக்கு படி ஏறினேன், வலது தொடை மட்டும், 4." இப்படி.

ரெண்டாவது டப்பா அந்த மூணு வாரமும் எனக்கு அவ்வளவு நல்லா இருந்துச்சு. ஒரு நாள் மார்க் 1. இதுதான் கோக்யூ10, சத்தியமா இதுதான்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சொன்னேன். அவ ஒண்ணுமே சொல்லல, மூஞ்சியில கூட எதையும் காட்டல.

பன்னெண்டு வாரம் முடிஞ்சு நோட்டைத் தொறந்தா ரெண்டாவது டப்பா மாவு. மொதலும் நாலாவதும் நெஜம், ரெண்டும் மூணும் மாவு. நெஜ வாரங்களோட சராசரி 2.6, மாவு வாரங்களோட சராசரி 2.4. அந்த நோட்டையே கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தேன். ஏமாந்துட்டோம்ங்கற வருத்தம் வரல, ஏதோ ஒரு பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சு, ஏன்னா அந்த பன்னெண்டு வாரமும் ரோசுவாஸ்டாடின் ஒரு நாள் கூட மாறல, மாவு சாப்பிட்ட வாரத்துலயும் நான் படி ஏறியிருக்கேன். அப்ப என் காலு இந்த மாத்திரையைத் தாங்குதுன்னுதானே அர்த்தம்.

இது என் ஒருத்தனோட கதை, இத வெச்சு கோக்யூ10 யாருக்குமே வேலை செய்யாதுன்னு நான் சொல்ல மாட்டேன். பெரிய ஆய்வுகளே ரெண்டு பக்கமும் நிக்குது. 2015ல பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்த ஒரு அலசல்ல பலன் தெரியலன்னாங்க, 2018ல 12 ஆய்வுகளைச் சேத்துப் பாத்த இன்னொண்ணுல 575 பேருல தசை வலி கொறஞ்சுச்சுன்னாங்க. எல்லாமே சின்னச் சின்ன ஆய்வு. முயற்சி பண்ணணும்னா பண்ணுங்க, பொதுவா 100லருந்து 200 மில்லிகிராம் எடுக்கிறாங்க, கொழுப்புல கரையறதுங்கறதால வெறும் வயித்துல போட்டா உடம்புல சரியா சேராது, சாப்பாட்டோட போடணும். ரெண்டு மூணு மாசத்துல வித்தியாசம் தெரியலன்னா விட்டுரலாம். ஆனா ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்கிறவங்க டாக்டரைக் கேக்காம தொடவே தொடாதீங்க, அந்த மருந்தோட வேகத்தை இது கொறைக்கலாம்.

மத்ததுகளைச் சுருக்கமா சொல்லிடறேன். மக்னீசியம் எனக்கு வயித்தால போனதைத் தவிர ஒண்ணும் செய்யல. மக்னீசியமும் அலுமினியமும் கலந்த வயித்தெரிச்சல் மருந்து குடிக்கிறவங்க, ரோசுவாஸ்டாடின் போட்டு ரெண்டு மணி நேரமாவது கழிச்சுக் குடிங்க, இல்லேன்னா மாத்திரை பாதிதான் உடம்புல சேரும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட்னு மனச்சோர்வுக்கு விக்கிற மூலிகை, அது சில ஸ்டாடின்களை ஈரல்ல வேகமா கழிச்சுக் கட்டிரும். கிரேப்ஃப்ரூட் ஜூஸ் அதுக்கு நேரெதிர், சிம்வாஸ்டாடினையும் லோவாஸ்டாடினையும் ரத்தத்துல நெறைய ஏத்தி விட்டுரும், அடோர்வாஸ்டாடினையும் ஓரளவுக்கு. நியாசின்ங்கற விட்டமின் பி3ஐப் பெரிய டோஸ்ல ஸ்டாடினோட சேத்து எடுத்தா தசை பாதிப்பு கூடும், 25 ஆயிரத்துக்கும் மேல ஆளுங்களை வெச்சுப் பண்ண ஆய்வுல தெரிஞ்சது அது, இதயத்துக்கும் கூடுதலா ஒரு நன்மையும் கெடைக்கல.

மாத்திரையை விட்டுட்டு சப்ளிமென்ட் மட்டும் எடுத்துக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு. 2022ல மீன் எண்ணெய், லவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், பிளான்ட் ஸ்டீரால், ரெட் ஈஸ்ட் ரைஸ் ஆறையும் இந்த ரோசுவாஸ்டாடின் 5 மில்லிகிராமோட போட்டிக்கு விட்டாங்க, 28 நாள். ரோசுவாஸ்டாடின் எல்டிஎல்லை 38 சதவீதம் கிட்ட எறக்கிச்சு. மத்த ஆறும் டம்மி மாத்திரையைத் தாண்டல. அதப் படிச்ச அன்னிக்கு என் நண்பனுக்கு போன் பண்ணி ரெட் ஈஸ்ட் ரைஸை நிறுத்தச் சொன்னேன், அவனும் ஸ்டாடினோட சேத்துதான் எடுத்துட்டு இருந்தான். மறுநாளே அவன் டாக்டரைப் பாத்துட்டான்.

எனக்கு கடைசியில சரிப்பட்டது டோஸைக் கொறைச்சு வேற ஸ்டாடினுக்கு மாறினதுதான். இப்ப ரோசுவாஸ்டாடின் 5 தினமும், கூட எசெடிமைப் 10. எசெடிமைப் வேற வழியில வேலை செய்யுது, குடல்ல கொலஸ்ட்ரால் உறிஞ்சறதைத் தடுக்கும். எல்டிஎல் 92. ஸ்டாடினே சுத்தமா ஒத்துக்காதவங்களுக்கு பெம்படோயிக் ஆசிட் இருக்கு, அது தசைக்குள்ள செயல்படாத மாதிரியே அமைஞ்ச மருந்து, அப்படிப்பட்டவங்களை மட்டும் வெச்சு நடந்த பெரிய ஆய்வு 2023ல நல்லபடியா வந்துச்சு. ஊசி மருந்துகளும் இருக்கு. கேளுங்க, கேட்டாத்தான் சொல்வாங்க.

வலியோட சேந்து யூரின் டீ டிகாக்ஷன் மாதிரி கருப்பா போச்சுன்னா, இல்ல எழுந்து நிக்கவே தெம்பில்லாம தசை தளந்து போச்சுன்னா, காத்திருக்காதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரி. ரொம்ப அபூர்வம்தான், ஆனா கிட்னியைப் பாதிக்கும்.

கோக்யூ10 நெஜ கேப்ஸ்யூல் இன்னும் கொஞ்சம் அலமாரியில இருக்கு. போன மாசம் செக்கப்புக்குப் போனப்போ வழக்கம் போல எல்லா டப்பாவையும் பையில போட்டு எடுத்துட்டுப் போனேன், டாக்டர் அதையும் எடுத்துத் திருப்பிப் பாத்து எக்ஸ்பைரி எப்பன்னு படிச்சுட்டு, திரும்பப் பைக்குள்ளயே வெச்சுட்டாரு.